நாலு நாற்பது வண்டி

ஜனவரி 5, திங்கள்

சர்க்கரை டாக்டர் சொல்லித்தான் இந்த டைரி. "தின்பதையெல்லாம் எழுதுங்கள், அப்போதுதான் என்னிடம் சொல்லும் பொய் உங்களுக்கே தெரியும்" என்றார். பெயின்ட் கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று பீரோ மேல் சும்மா கிடந்தது. முதல் நான்கு பக்கம் காலி. ஐந்தாம் தேதியிலிருந்து நான் ஒழுங்கானவன்.

காலை மூன்று இட்லி. ஏழு மணிக்கு ஒரு டீ. மதியம் சோறு, கீரை, மீன் இரண்டு துண்டு. மாலையில் ஒன்றுமில்லை. ஒரு போண்டாவை ஒன்றுமில்லை என்றுதான் நான் எழுதுவேன்.

சாப்பாட்டை மட்டும் எழுதினால் பக்கம் நிறையவில்லை. டூட்டியையும் எழுதுகிறேன். தணிகாசலம், கண்டக்டர், இருபத்தாறு வருட சர்வீஸ், ரிட்டயர் ஆக இன்னும் நான்கு வருடம். மூன்று வருடமாக எனக்கு நாலு நாற்பது வண்டி. விடியற்காலை நாலு நாற்பதுக்கு மேட்டுக்கழனி குடியிருப்பில் எடுத்தால் ஐந்து ஐம்பதுக்கு மந்தைவெளி. ஆற்றோரத்தில் இருந்தவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே அடுக்குமாடியில் வைத்தார்கள். வீடு இங்கே வந்துவிட்டது, வேலை அங்கேயே இருக்கிறது. தெருக் கூட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். ஆறு மணிக்கு அங்கே முகத்தைக் காட்டவில்லை என்றால் அன்றைக்குக் கூலி கிடையாது. சாதா பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு இது அவர்கள் வண்டியாகவே ஆகிவிட்டது. அறுபது பேருக்குக் குறையாது. அந்த நேரத்துக்கு வேறு பஸ்ஸும் இல்லை.

ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். நின்றுகொண்டு தூங்குகிறவர்களும் உண்டு. இலவச டிக்கெட்டையும் மெஷினில் அடித்துக் கையில் கொடுக்க வேண்டும் என்பது ரூல். காசில்லாத ஒரு துண்டுக் காகிதத்துக்காக எதற்கு ஒருத்தரை எழுப்புவது? மூன்று மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள். பேருக்குப் பத்து, பன்னிரண்டு அடித்துப் பையில் போட்டுக்கொள்வேன். செக்கிங் அந்த நேரத்துக்கு வந்ததே இல்லை. "இந்த பஸ்ல தூங்கற மாதிரி வீட்லகூட தூங்கினது இல்லண்ணே" என்று சொல்வார்கள். கண்டக்டர் வேலையில் இப்படி ஒரு பேர் எடுப்பது லேசில்லை.

ஜனவரி 7, புதன்

வெறும் வயிற்றில் 182. மெஷின் பழசு.

ஜனவரி 12, திங்கள்

இட்லி மூன்று. மதியம் சப்பாத்தி. பூங்காவனம் செய்யும் சப்பாத்தியைத் தின்பதற்குச் சர்க்கரையே பரவாயில்லை. இதை அவள் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று குணா என்னிடம் சண்டை போட்டாள். குணா என்பது நாகரத்தினம் அம்மாவின் மகள். அம்மா அடையாறு பக்கம் தெருக் கூட்டுகிறார். மகள் மந்தைவெளியில் ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைக்கிறாள். இருபத்தேழு வயது இருக்கும். கட்டியவன் போய்விட்டான், ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. இரண்டு பேரும் ஏறுகிற வாசலுக்குப் பக்கத்து சீட். அம்மா ஏறியதும் தூங்குவார். மகள் மட்டும் தினமும் கையை நீட்டுவாள்.

"சார், டிக்கெட்."

"தூங்கும்மா. ஃப்ரீ வண்டிக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"அதான் சார் வேணும். சாயங்காலம் வர்ற பஸ்ல ஒரு ஆளு, ஓசியில போறதுங்கலாம் சீட்ட புடிச்சிக்குதுன்றான். கையில டிக்கெட் இருந்தா மூஞ்சிக்கு நேரா காட்டுவேன்."

"சாயங்கால கண்டக்டர் கிட்ட கேளு, தாயே. நம்ம வண்டியில யாரு உன்ன ஓசின்னது?"

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு அவளும் தூங்கிவிட்டாள். ஜன்னல் கம்பியில் தலை இடித்துக்கொண்டே இருந்தது. என் துண்டை மடித்துக் கம்பிக்கு வைத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வண்டியில் ஒன்பது பேர்தான். லீவே இல்லாத ஆஸ்பத்திரி ஆட்கள். டிரைவர் எபினேசருக்கும் எனக்கும் நாகரத்தினம் அம்மா தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். எவ்வளவு தின்றேன் என்று எழுதப் போவதில்லை.

ஜனவரி 21, புதன்

டிப்போ போர்டில் உத்தரவு ஒட்டியிருக்கிறது. பிப்ரவரி ஒன்று முதல் நாலு நாற்பது ட்ரிப் ரத்து. முதல் வண்டி இனி ஐந்து ஐம்பதுக்கு. காரணம், போதிய பயணிகள் இன்மை.

எனக்கு வந்ததே ஆத்திரம். நேரே கிளை மேனேஜர் செல்வரங்கம் சார் ரூமுக்குப் போனேன். "சார், அந்த வண்டியில நிக்க எடமில்ல சார், ஆபீஸ்ல ஏசியில உக்காந்துகிட்டு யாரோ எழுதறாங்க" என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமான ஆள். மேஜையிலிருந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று மாதக் கணக்கு. நாலு நாற்பது வண்டியில் ஒரு ட்ரிப்புக்குச் சராசரி பதினொரு பேர்.

"இது மெஷின்ல இருந்து வர்ற நம்பர் தணிகாசலம். ஏசியில இருந்து வரல."

தாளைப் பார்த்தேன். மணி பத்தரை ஆகிவிட்டிருந்தது, டீ குடிக்கப் போனேன்.

இரண்டு வடை.

ஜனவரி 22, வியாழன்

எபினேசர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். மந்தைவெளியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கிறான். "இன்னாண்ணே பதினொன்னு? கண்ணாடியில பாத்தா எனக்குப் பின் கண்ணாடியே தெரியல, வெறும் தலையாத்தான் தெரியுது. எங்கேர்ந்து வந்துச்சு பதினொன்னு?"

"ஸ்டியரிங்க நீ பாரு, டிக்கெட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்தான். பைபிளில் இருந்து ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

எல்லாக் கண்டக்டரும் இப்படித்தான். கூட்ட நேரத்தில் யார் அறுபது இலவச டிக்கெட் அடிக்கிறார்கள்? அந்த மெஷின் பாதி நேரம் தொங்கிவிடும். பேப்பர் ரோல் ஒன்றுக்கு மேல் கேட்டால் ஸ்டோர்காரன் முறைப்பான். என்னை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்?

ஜனவரி 23, வெள்ளி

இன்று எல்லாருக்கும் டிக்கெட் அடித்தேன். 58.

ஜனவரி 28, புதன்

61, 57, 60, 62. உலுக்கி உலுக்கி எழுப்பிக் கொடுக்கிறேன். "இன்னாண்ணே, மூணு வருசமா இல்லாத பயக்கம்" என்று மும்தாஜ் பீ திட்டுகிறார். குணா மட்டும் வாங்கி, மடித்து, பர்சில் வைத்துக்கொண்டாள். "இப்பனாச்சும் குடுத்தீங்களே சார்" என்றாள்.

நம்பர் பேசும் என்று நினைத்தேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"என்ன தணிகாசலம் இது? உத்தரவு வந்த ரெண்டே நாள்ல அறுபது. அதுக்கு முன்னாடி பதினொன்னு. மேல இருக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ட்ரிப்ப காப்பாத்த கண்டக்டர் சும்மா பட்டனை அமுக்கறான்னு நெனைப்பாங்க. இத நான் அனுப்பினா உங்களுக்குத்தான் வம்பு."

"சார், இதுதான் நெசம்."

"அப்போ பதினொன்னு?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. சொல்லியிருந்தால் எழுதிக் கொடுங்கள் என்பார். எழுதிக் கொடுத்தால் சார்ஜ் மெமோ. இன்க்ரிமென்ட் வெட்டு. கேஸ் முடியாமல் ரிட்டயர் ஆனால் பென்ஷன் நின்றுவிடும். நம்ம டிப்போ கந்தப்பன் ரிட்டயர் ஆகி ஆறு வருடம், இன்னும் வக்கீல் வீட்டுப் படியேறிக்கொண்டிருக்கிறான். இதையெல்லாம் நினைக்காமல் இருக்க நான் சந்நியாசி இல்லை.

ஜனவரி 31, சனி

கடைசி ட்ரிப்.

எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஆனால் நம்பவில்லை. வண்டி கிளம்பியும் யாரும் தூங்கவில்லை, மூன்று வருடத்தில் முதல் தடவை. "யாரு நிறுத்தறது? எதுக்கு?" என்று நாகரத்தினம் அம்மா கேட்டார். "மேலிடத்து உத்தரவு" என்றேன். "அஞ்சு அம்பதுக்கு ஏறினா ஏழேகால் ஆவும். அதுக்குள்ள என் தெருவ வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கண்ணே." டீலக்ஸ் பஸ் வந்தாலும் அதில் டிக்கெட் எடுக்க வேண்டும், போக வர கூலியில் கால்வாசி அதற்கே போய்விடும், அதுவும் அந்த நேரத்துக்குக் கிடையாது. ஷேர் ஆட்டோ என்றால் மூன்று மாறிப் போக வேண்டும். இதையெல்லாம் அவர்கள் எனக்கு விளக்கினார்கள், எனக்குத் தெரியாத மாதிரி.

"மனு குடுங்கம்மா" என்றேன்.

"நமக்கு எங்கண்ணே எழுத வருது? நீ எழுதிக் குடு. உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்குமாமே, எபினேசர் தம்பி சொல்லுச்சு."

மந்தைவெளியில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். "தினமும் அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வண்டியை நம்பி வாழ்கிறோம்" என்று நன்றாகவே எழுதினேன். கீழே அவர்கள் கையெழுத்தும் கைநாட்டும். என் பேர் அதில் எங்கும் இல்லை. பயணிகள் மனுவில் கண்டக்டர் பேர் வரக் கூடாது, அது சரியில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

எனக்கு டீலக்ஸ் ரூட் போட்டிருக்கிறார்கள். எட்டு மணிக்குத்தான் டூட்டி. ஐந்தரை வரை படுத்திருக்கலாம். உடம்புக்கு நல்லது என்று பூங்காவனம் சொல்கிறாள். மூன்றரைக்கே விழிப்பு வந்துவிட்டது. படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

வெறும் வயிற்றில் 210. ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

எபினேசர் சொன்னான். மீன் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டிக்காரன் ஒருவன் மேட்டுக்கழனிக்கு வருகிறானாம். நாலரைக்கு எடுக்கிறான். பின்னால் மூடியில்லாத தொட்டியில் இருபது, இருபத்தைந்து பெண்கள் நின்றுகொண்டே போகிறார்கள். பஸ்ஸில் ஓசி, இவனுக்குக் காசு. மீதிப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள். நாகரத்தினம் அம்மாவுக்குக் கால் ஏறவில்லை, அவருடைய தெருவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். குணா மட்டும் போகிறாள்.

"அந்த வண்டி ஓட்டறவன் பைபாஸ்ல எண்பதுல போறாண்ணே" என்றான்.

"போலீஸ் பிடிக்கணும்" என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

இதை எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

பத்து மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் மனுவோடு டிப்போவுக்கு வந்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு. நான் கேஷ் ரூம் வாசலில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நம்ம கண்டக்டர் இங்கதான் கீறாரு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குள் போய்விட்டார்கள்.

நாகரத்தினம் அம்மாதான் பேசினார். "சார், பஸ்ஸ விடுங்க. இவரையே போடுங்க. தங்கமான மனுசன் சார். மூணு வருசத்துல ஒருநாளு எங்கள டிக்கெட்டு வாங்குன்னு எழுப்பினது இல்ல. தூங்கும்மா தூங்கும்மான்னுதான் சொல்வாரு. பெத்தவங்ககூட அப்பிடி சொன்னது இல்ல சார்."

மும்தாஜ் பீயும் சேர்ந்துகொண்டார். "ஆமா சார், டிக்கெட்டே குடுக்க மாட்டாரு, அவ்ளோ நல்லவரு."

அந்த ரூமில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அந்த ஃபேனைப் பார்த்தேன். குணா அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் மேனேஜரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பத்தாவது வரை படித்த பெண். ஏதோ ஓடியது அவள் முகத்தில். வெளியே போகும்போது "வர்றேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு மேனேஜர் கதவைச் சாத்தினார். "எழுதிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். மேஜை மேல் இருந்த மனுவைப் பார்த்தேன். "எழுதிக் குடுத்தா நான் நடவடிக்கை எடுத்தே ஆகணும். மாசாமாசம் அந்தக் கணக்குல கையெழுத்துப் போட்டு அனுப்பறவன் நானு. என்னையும் கேப்பாங்க. மார்ச்சுல புது டைம் டேபிள் போடுவாங்க, அப்ப வாய் வார்த்தையா கேட்டு இந்த ட்ரிப்ப வாங்கிடறேன். ஒரு மாசம். பொறுத்துக்கலாம் இல்ல?"

பொறுத்துக்கலாம் சார் என்றேன். யார் பொறுத்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாதம்தானே.

பிப்ரவரி 12, வியாழன்

கொய்யா அரைக் கிலோ. சர்க்கரைக்கு நல்லதாம்.

பிப்ரவரி 18, புதன்

டீலக்ஸ் ரூட்டில் இன்று ஒரு வயதான பெண்மணி கைகாட்டி ஏறினார். டிக்கெட் என்றதும் "ஃப்ரீ இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார். அந்த ஒரு ஸ்டாப்புக்கு நான் டிக்கெட் கேட்கவில்லை. வழக்கம்போல நல்லவன்.

இன்னும் இரண்டு வாரம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலை ஆறு இருபதுக்கு எபினேசர் போன் செய்தான். பைபாஸ் இறக்கத்தில் குட்டியானை சடன் பிரேக் போட்டிருக்கிறது. தொட்டியின் கடைசியில், கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றது குணா. பின்னால் லாரி.

அங்கேயே போய்விட்டாள்.

எட்டு மணிக்கு டூட்டிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தேன்.

பிப்ரவரி 25, புதன்

பதினான்காவது பிளாக். லிப்ட் ஓடவில்லை, அதனால் கீழேயே கிடத்தியிருந்தார்கள். நான் தள்ளி, தண்ணீர் டேங்க் பக்கம் நிற்கலாம் என்றுதான் போனேன். விடவில்லை. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். "நம்ம கண்டக்டர் வந்துட்டாரு" என்று வழிவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு என்னைக் காட்டிச் சொன்னார்கள். "இவரு வண்டி இருந்தவரைக்கும் ஒண்ணுமில்ல."

நாகரத்தினம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உன் பஸ் இருந்திருந்தா எம்பொண்ணு தூங்கிக்கினேல்ல போயிருப்பா. எவன் நிறுத்தினானோ அவன் குடும்பம் வெளங்குமா?" என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தை ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சாப்பிடவில்லை. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 28, சனி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 4, புதன்

நாலு நாற்பது வண்டி இன்று முதல் மறுபடியும் ஓடுகிறது. பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது அல்லவா, எல்லாரும் ஓடி வந்தார்கள். வண்டிக்கு வாழைமரம், மாலை. யார் யாரோ வந்து கொடி அசைத்தார்கள், அந்த இருட்டில். கண்டக்டர் நான்தான். பொதுமக்கள் விருப்பமாம்.

மேனேஜரும் வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாருங்க, நடந்துடுச்சு. இனிமே எதுவும் எழுத வேண்டிய அவசியமே இல்ல" என்றார். அவர் முகமும் சரியாக இல்லை. அவரும் தூங்குவதில்லை போலிருக்கிறது.

44 டிக்கெட். அறுபதில் மீதிப் பேருக்கு ஏறிப் போக வேலை இல்லை. ஏறியவர்களும் நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு தூங்கினார்கள். வாசலுக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. நிற்கிறவர்கள்கூட அதில் உட்காரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மதியம் படுத்து எழுந்தபோது பூங்காவனம் இந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சர்க்கரை எவ்ளோன்னு பாக்கத்தான் எடுத்தேன்" என்றாள்.

நான் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னும் உங்கள தங்கம்னுதான் சொல்லிக்கினு கீறாங்களா?"

போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"பென்ஷன் நின்னா நிக்கட்டும். நான் ரெண்டு வீட்ல சமைச்சிக் குடுப்பேன். நீங்க போய் சொல்லிடுங்க. இல்லன்னா இந்த வீட்ல நீங்களும் நானும் எப்பிடி மூஞ்சப் பாத்துக்கறது?" எழுந்து போய்விட்டாள். சப்பாத்தியைப் பற்றி நான் எழுதியதையும் படித்திருப்பாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

நேற்று குணாவுக்குப் பதினாறாம் நாள். இன்று டூட்டி முடிந்ததும் போனேன். எட்டு மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது.

நாகரத்தினம் அம்மா வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். "வாண்ணே, உக்காரு, டீ போடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. பஸ்ஸை நிறுத்தினவன் எங்கோ இருக்கும் ஆபீசர் மட்டும் இல்லை, வண்டி காலி என்று மெஷினில் இருந்தது, மெஷினில் அப்படி இருந்தது நான் டிக்கெட் அடிக்காததால், அறுபது பேரைப் பதினொரு பேர் என்று காட்டினது நான். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், பயந்துகொண்டு சொல்லவில்லை. இவ்வளவுதான். சொல்லும்போது சின்னதாக இருந்தது.

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். அழவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எம்பொண்ணு அந்த பஸ்ல வரவே இல்லன்னுதான் எழுதியிருக்கா?"

"ஆமாம்மா."

"மூணு வருசமா?"

"ஆமாம்மா."

"நானும் வரல?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் வெளி வராந்தாவுக்கு வந்தார். "மும்தாஜு! ராணி! எல்லாம் வாங்கடி. இந்தாளு ஒண்ணு சொல்லணுமாம்" என்று கத்தினார். கதவுகள் திறந்தன. பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். மாடிப்படியில் இன்னும் சிலர். மறுபடி சொல்லச் சொன்னார். அத்தனை பேர் முன்னாலும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மும்தாஜ் பீ மட்டும், "உன்ன நாங்க அந்த ஆபீசர் கிட்டயே புகழ்ந்தோமேயா" என்றார். அவமானம் அவருக்கு வந்துவிட்டது, என்னுடையதையும் சேர்த்து.

"எழுதிக் குடுக்கப் போறேம்மா. நடந்தது அத்தனையும். தெனம் யாரெல்லாம் வந்தீங்கன்னு பேரோட" என்றேன்.

"உனக்கு இன்னா ஆவும்?" என்று நாகரத்தினம் அம்மா கேட்டார்.

"மெமோ குடுப்பாங்க. பென்ஷன் நிக்கும்."

"நிக்கட்டும்" என்றார். "இங்கயே எழுது. என் கண்ணு முன்னாடி."

தரை ஈரமாக இருந்தது. குழந்தையின் ஸ்கூல் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார்கள். கட்டில் மேல் வைத்து எழுதினேன். நடந்ததை எழுதி முடித்துவிட்டு, பயணம் செய்தவர்கள் என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

"அவ பேர மொதல்ல எழுது."

குணா என்றுதான் எனக்குத் தெரியும். மூன்று வருடம் தினமும் பார்த்த பெண். முழுப் பேர் கேட்க வேண்டியிருந்தது.

"குணவதி. முன்னாடி அவ புருசன் பேரையும் போடாத, அவ அப்பன் பேரையும் போடாத. என் பேரப் போடு."

1. நா. குணவதி என்று எழுதினேன். அவர் குனிந்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து பேர் சொன்னார்கள். வராதவர்கள் பேரை வந்தவர்கள் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வந்தது. வெயில் ஏறி மத்தியானம் ஆகிவிட்டது. யாரும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன். நாகரத்தினம் அம்மா தாள் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். இந்த முறை அண்ணே என்று கூப்பிடவில்லை.

"உன் பேரு அவ பேரு இருக்கற தாள்ல வேணாம்" என்றார். "வேற தாள்ல போடு."

வேறு தாள் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.